இறங்கும்போது முட்டியைப் பாருங்கள்

பள்ளியிலோ அகாடமியிலோ புதிதாகப் பயிற்சியாளர் வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா? பிள்ளைகள் எவ்வளவு உயரம் எம்புகிறார்கள் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். எப்படித் தரையிறங்குகிறார்கள் என்பதை நீங்கள் பாருங்கள். வாலிபாலிலும் கூடைப்பந்திலும் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கிறது. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முட்டி போய்விடுகிறது. பருவ வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து பையன்களைவிடக் கூடுதல்.

இறங்கும் விதத்தைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 2009இல் டேரின் படுவா குழுவினர் வெளியிட்ட, தரையிறங்கும் தவறுகளை எண்ணி மதிப்பெண் போடும் 'லெஸ்' (LESS) முறைக்கு 30 செ.மீ. உயரமுள்ள ஆடாத பெட்டி ஒன்றும் கேமரா இரண்டும் போதும்; செல்போனே கேமராவாகும். பிள்ளையின் உயரத்தில் பாதி தூரம் அளந்து தரையில் கோடு போடுங்கள். 150 செ.மீ. உயரமுள்ளவளுக்குப் பெட்டியிலிருந்து 75 செ.மீ. பெட்டியிலிருந்து கோட்டுக்குக் குதித்து, இறங்கிய வேகத்திலேயே முடிந்த மட்டும் மேலே எம்ப வேண்டும். மூன்று முறை. ஒரு போன் எதிரே, இன்னொன்று பக்கவாட்டில்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். "முட்டி ஜாக்கிரதை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உங்களுக்காக அழகாக இறங்கிக் காட்டுவாள். ஆட்டத்தில் அப்படி இறங்க மாட்டாள்.

பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டி, பாதம் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். முட்டிச் சில்லின் நடுவே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தால் கண்ணுக்கு எளிது. அந்தப் பொட்டு பாதத்துக்கு நேர் மேலே நிற்கிறதா? ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். உடம்பு கீழே அமரும்போது பொட்டு கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் போனால், அதுதான் நாம் தேடும் தவறு. பக்கவாட்டுப் படத்தில், தரை தொடும்போது முட்டி 30 டிகிரிகூட மடங்காமல் விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பும் முதுகும் நிமிர்ந்தே இருப்பது, குதிகாலில் 'தொம்'மென்று விழுவது, ஒரு கால் முந்துவது ஆகியவையும் கணக்கில் வரும். மொத்தம் 17 அம்சங்கள். மதிப்பெண் ஏற ஏறத் தவறு கூடுகிறது: 4 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மிக நன்று, 6க்கு மேல் போனால் மோசம்.

இந்த எண்ணைக் காட்டி அணியிலிருந்து யாரையும் நீக்காதீர்கள். "உங்க பொண்ணுக்கு லிகமென்ட் போயிடும்" என்று பெற்றோரை மிரட்டாதீர்கள். யாருக்கு அடி படும் என்று இந்தச் சோதனை சொல்லிவிடாது. யாருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும் என்று சொல்லும். வலியோ வீக்கமோ உள்ள பிள்ளையைப் பெட்டிமேல் ஏற்றவே கூடாது. மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ அனுப்புங்கள்.

கற்றுத்தரும்போது "சத்தம் வராமல் இறங்கு" என்ற ஒரு கட்டளை, முட்டிக் கோணம் பற்றிய பத்து விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். வார்ம்அப்பில் காயத் தடுப்புக்கான 'ஃபிஃபா 11+' பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நிமிடம்தான். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்து வீராங்கனைகளிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள்; கடுமையான காயங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். வளரும் பிள்ளைகள் என்பதால் உயரத்தைப் புதிதாக அளந்து கோட்டையும் மாற்றிப் போடுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே படம் எடுங்கள்; மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டதும் வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.