எவர் சாவையும் விட்டுவிடாதீர்கள்
தூரிகை பிடிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

போர்ச் செய்தி இல்லாமல் விடியும் நாளே இல்லை என்றாகிவிட்டது. "இந்த நேரத்தில் படம் வரைந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறீர்கள். நான் யாரைப் பார்த்துக் கற்றேனோ அவர்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

1. புறாவில் தொடங்காதீர்கள். 1949இல் பாரிஸ் அமைதி மாநாட்டுச் சுவரொட்டியில் வந்த பிக்காசோவின் புறாவை எல்லோருக்கும் தெரியும். குண்டுவீச்சில் எரிந்த கெர்னிக்கா ஊருக்காக 1937இலேயே அவர் பெரும் படம் ஒன்றை வரைந்திருந்தார். செத்த குழந்தையை ஏந்திக் கதறும் தாயை முதலில் வரைந்த கைதான் பிறகு அந்தப் புறாவை வரைந்தது. இழந்தது என்னவென்று பார்க்காமல் அமைதியை வரைய முடியாது.

2. கிடைத்ததை வைத்து வரையுங்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஜைனுல் ஆபெதின் கல்கத்தா தெருக்களில் பசியால் செத்துக்கொண்டிருந்தவர்களை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். மேதினிப்பூர்ப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றிய சித்தபிரசாத், கண்டதைப் படமும் எழுத்துமாக நூலாக்கினார். ஆங்கில அரசு அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. தாளும் மையும் ஒரு பேரரசையே உறுத்தின.

3. துயரம் பழுக்கும்வரை பொறுத்திருங்கள். ஜெர்மனியின் கேத்தே கொல்விட்ஸ், மகன் பீட்டர் படையில் சேரத் தன் கணவரிடம் பரிந்து பேசியவர். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் இறந்தான். மகனின் உடலையே நினைவுச் சின்னமாக வடிக்கத்தான் முதலில் எண்ணினார். அழித்து, விட்டு, மறுபடி தொடங்கி, 1932இல் கல்லறைத் தோட்டத்தில் நிறுவியபோது அதில் மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டுமே இருந்தார்கள். வீரம் இல்லை, கொடி இல்லை. இரண்டு பெற்றோர் மட்டும்.

4. எதிரியின் பிணத்தையும் பாருங்கள். எல்லாவற்றிலும் கடினமானது இது. ஜப்பானின் மாருகி இரியும் தோஷியும் கணவன் மனைவி. இரி மை ஓவியர், தோஷி எண்ணெய் வண்ண ஓவியர். அணுகுண்டு விழுந்த சில நாட்களில் ஹிரோஷிமா சென்றார்கள். 1950இல் தொடங்கி 1982 வரை 15 பெரும் ஓவியத் தொகுதிகள் வரைந்தார்கள். தொடக்கத்தில் வரைந்தது தம் மக்கள் பட்ட பாட்டை. 1971இல் ஹிரோஷிமாவில் மாண்ட அமெரிக்கப் போர்க்கைதிகளை வரைந்தார்கள். அடுத்த ஆண்டு, அணுகுண்டில் மாண்டு, செத்த பிறகும் ஒதுக்கப்பட்ட கொரியர்களை வரைந்தார்கள். 1975இல், தம் நாட்டுப் படை சீனாவின் நான்ஜிங்கில் நடத்திய படுகொலையை வரைந்தார்கள். பட்டதைச் சொன்ன அதே கை, தன்னவர் செய்ததையும் சொன்னது. அமைதி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது இங்கேதான். நம்மவர், பிறர் என்று சாவைப் பிரிக்காத மனம் அது.

5. படம் குண்டை நிறுத்திவிடும் என்று நம்பி வரையாதீர்கள். போருக்கு எதிராக 1924இல் சுவரொட்டி வரைந்த கொல்விட்ஸ், 1942இல் பேரனையும் போரில் பறிகொடுத்தார். ஆனால் கொன்றவர்கள் மறைக்க நினைப்பதை மறக்க விடாமல் செய்யப் படத்தால் முடியும். உங்கள் ஊரில் எவருடைய சாவைப் பற்றிப் பேச எல்லோரும் தயங்குகிறார்களோ, அவர் வீட்டுக்குப் போங்கள். அனுமதி கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள், பிறகு வரையுங்கள்.