கார்டினரை இடித்தால் டொரண்டோ நின்றுவிடுமா?

2009 மே 10ஆம் திகதி டொரண்டோவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஸ்படைனா ஏறுபாதை வழியாக ஏறிப் போய் மறித்து உட்கார்ந்தது கார்டினர் அதிவேக வீதியில்தான். வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஹாலிஎல, பதுளைப் பக்கத்தில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது அன்றுதான். அந்த வீதியைப் பற்றி அந்நகரத்தார் பல ஆண்டுகளாக நடத்திய இன்னொரு சண்டை இங்கே அவ்வளவாகத் தெரியாது. தூண்கள் மேல் நிற்கும் பகுதியை இடித்து ஏரிக்கரையைத் திறந்துவிடுவதா, செப்பனிட்டு வைத்துக்கொள்வதா என்பதே அந்தச் சண்டை. கொழும்பும் இப்போது கடலோரமாக மேம்பால வீதி எழுப்பியிருப்பதால், அங்கே இரு தரப்பும் நம்பியவற்றை நாமும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம்.

மாநகரப் பெருமன்றத்தின் முதல் தலைவர் பிரெடரிக் கார்டினரின் பெயரைச் சுமக்கும் இந்த வீதி, 1955 முதல் 1966 வரை பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. மேற்கே தரையில் ஓடிவந்து, நகர மையத்தில் ஒன்ராறியோ ஏரிக்குப் பக்கத்தில் தூண்களில் ஏறிவிடும்.

நம்பிக்கை: இடித்தால் வாகனங்கள் போக வழியின்றி ஊரே ஸ்தம்பித்துவிடும்.

இதைச் சொல்லாத நகரம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் எம்பார்கடேரோ மேம்பாலத்தை அகற்றும் யோசனையை 1986இல் வாக்காளர்களே தோற்கடித்தார்கள். 1989 நிலநடுக்கம் அதைப் பழுதாக்கியது, 1991இல் இடிக்கத் தொடங்கினார்கள், நகரம் நிற்கவில்லை. சியாட்டிலில் 2019 ஜனவரியில் கடலோர மேம்பாலத்தை மூடிய பிறகு, அதற்குப் பதிலான சுரங்க வீதி திறக்க மூன்று வாரம் ஆனது. பெரும் நெரிசல் வரும் என்று நகரமே பயந்திருந்தது. அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் தேட நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் வந்து சேரும் இடம் ஹாலிஎல. மண்சரிந்து ஒன்று மூடினால் சிலர் மற்றதால் சுற்றிப் போவார்கள், சிலர் விடியுமுன் கிளம்புவார்கள், சிலர் கோச்சியைப் பிடிப்பார்கள், அவசரமில்லாதவர் பயணத்தையே தள்ளிவைப்பார். வாகன எண்ணிக்கை குழாய்த் தண்ணீரைப் போல மாறாத அளவல்ல. ஆனால் பஸ்ஸும் ரயிலும் இல்லாத ஊரில் இந்தக் கணக்கு பலிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டொரண்டோவிலேயே சான்று இருந்தது. டொன் ஆற்றுக்குக் கிழக்கே லெஸ்லி வீதி வரை போன மேம்பாலத் துண்டை 2001இல் இடித்துவிட்டார்கள். எஞ்சிய கிழக்குப் பகுதியையும் இடித்துத் தரைமட்ட வீதியாக்கினால், காலை நெரிசலில் சில நிமிடங்கள்தான் கூடும் என்றது மாநகரத்தின் ஆய்வு. காலையில் நகர மையத்துக்கு வேலைக்கு வருவோரில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் அந்தத் துண்டைப் பயன்படுத்தினார்கள். தலைமைத் திட்டமிடல் அதிகாரி ஜெனிபர் கீஸ்மாட் இடிக்கச் சொன்னார். மேயர் ஜோன் டோரி வைத்துக்கொள்ளச் சொன்னார். 2015 ஜூனில் மாநகரசபை 24க்கு 21 என்ற வாக்கில், மேம்பாலத்தைச் சில மாற்றங்களோடு வைத்துக்கொள்ளும் 'கலப்பு' யோசனையைத் தேர்ந்தது.

அந்தச் சில நிமிடங்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவற்றை இழப்பவர்களில் நம்மவர்கள் நிறைந்து வாழும் ஸ்காபரோ போன்ற கிழக்குப் புறநகர்க்காரர்களும் உண்டு. ஏரியைப் பார்த்த மாடிவீட்டில் இருப்பவருக்கு இடிப்பு இலாபம். இரண்டு வேலைக்கு ஓடுபவருக்கு அது எரிபொருளும் நேரமும்.

நம்பிக்கை: இருப்பதை வைத்துக்கொள்வதே மலிவு.

இதுதான் மிகப் பிழையானது. கனடாவில் பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவார்கள். கரைந்த உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்தே கொங்கிரீட்டை உடைக்கும். 2012இல் கார்டினரிலிருந்து கொங்கிரீட் துண்டுகள் கீழே விழுந்தன. 2015இல் சபை முன் வைத்த நூறாண்டுக் கணக்கில் இடிப்பதற்கு ஏறத்தாழ 46 கோடி கனடிய டொலர், கலப்பு யோசனைக்கு ஏறத்தாழ 92 கோடி. விலை இரு மடங்கு என்று தெரிந்தேதான் அதைத் தேர்ந்தார்கள். அப்படித் தேர்வது சபையின் உரிமை, ஆனால் அதைச் சிக்கனம் என்று விற்றிருக்கக் கூடாது.

நம்பிக்கை: மேம்பாலம் போனால் ஏரி நகரத்தோடு வந்து சேரும்.

இடிக்கச் சொன்னவர்களின் மிகைப்பேச்சு இது. கார்டினருக்கு வடக்கே அகலமான ரயில் பாதைகள், மேம்பாலத்தின் அடியிலும் பக்கத்திலும் லேக் ஷோர் வீதி, தெற்கே அடுக்குமாடிச் சுவர். போதாததற்கு ஏரியே நகர்ந்துவிட்டது: ஒரு காலத்தில் கரையாக இருந்த ஃபிரண்ட் வீதி இன்று உள்ளே கிடக்கிறது, நடுவில் இருப்பதெல்லாம் மண் நிரப்பிய நிலம். மாறாக, ஃபோர்ட் யோர்க் கோட்டைக்கு அருகே மேம்பாலத்தின் அடியிலேயே 2018இல் 'பென்ட்வே' பொதுவெளியைத் திறந்தார்கள். குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்குப் பாதை ஓடுகிறது.

சியோலின் சொங்கேசொன் ஓடையையும் இங்கே பலர் இழுப்பார்கள். மேம்பாலத்தை இடித்து 2005இல் திறந்த அந்த ஓடை அழகானதுதான். ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவது. ஓடைப் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட நடைபாதை வியாபாரிகள் டொங்டேமுன் மைதானத்துக்குப் போனார்கள், பிறகு அந்த மைதானமும் இடிபட்டது.

2023 நவம்பரில் மாகாண அரசு கார்டினரைப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டது. செலவு மாநகரத்தின் தலையிலிருந்து இறங்கியது, கம்பி துருப்பிடிப்பது நிற்கவில்லை.

கொழும்பில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில், களனிப் புதிய பாலத்திலிருந்து துறைமுக நகரை நோக்கி 5 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக மேம்பால வீதி எழுந்திருக்கிறது. அங்கே பனி பெய்யாது, உப்புத் தூவவும் வேண்டாம். ஆனால் கடற்காற்றிலேயே உப்பு வருகிறது. அதைக் கட்ட வாங்கிய கடனில் பதுளைத் தோட்டத்துத் தொழிலாளி தேயிலைக்கும் சீனிக்கும் கொடுக்கும் வரியும் பங்கு கட்டுகிறது. நாற்பது ஆண்டு கழித்து வரும் திருத்த வேலைப் பட்டியலையும் அவரது பிள்ளைகளின் வரியில்தான் கட்ட வேண்டியிருக்கும்.