மேற்படிப்புச் செலவும் மார்க்கச் சட்டமும்

அல்லாஹு தஆலா வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கி இருக்கிறான் (2:275). வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. இதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை.

ஆயினும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ராயபுரம், டோல்கேட், திருவொற்றியூர் மஹல்லாக்களில் பல தகப்பனார்கள் திகைத்து நிற்கிறார்கள். துறைமுகத்திலும் லாரியிலும் பாடுபட்டுப் படிக்க வைத்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணம்தான் இல்லை. சிலர் யோசிக்காமல் பேங்கில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிலர் 'வட்டி ஹராம்' என்று சொல்லிப் பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணச் செலவுக்கு நகையை வட்டிக்கு அடகு வைக்கும்போது வராத பேணுதல், படிப்பு என்றவுடன் மட்டும் வருமானால் அது பேணுதல் ஆகாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஹலாலான வழிகள் உண்டு.

கல்வியின் மதிப்பு

ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) நடந்த பத்ரு யுத்தத்தில் பிடிபட்டவர்களில், மீட்புப் பணம் கொடுக்க இயலாத ஆனால் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றார்கள். வறுமை மிகுந்த அந்நாளிலும் பணத்துக்கு ஈடாகக் கல்வியை ஏற்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

பேங்குக் கடனின் கணக்கு

நம் நாட்டில் 2001-ல் வகுக்கப்பட்ட மாதிரித் திட்டத்தின்படி பேங்குகள் கல்விக் கடன் தருகின்றன. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு, ஆண்டுக்கு 1 லட்சமாக நான்காண்டு வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை தொடங்குமுன்பே தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும்.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009-ல் வந்தது. அது சுமையைக் குறைக்கும். ஒப்பந்தத்தை வட்டியற்றதாக ஆக்காது. அதற்குப் பிந்திய தவணைகளில் வட்டி உண்டு. 'எனக்கு நிர்ப்பந்தம்' என்று தனக்குத்தானே ஃபத்வா கொடுத்துக்கொள்வது கூடாது. எல்லா வழியும் அடைபட்டவர் தம் நிலையை ஆலிமிடம் விவரமாகச் சொல்லித் தீர்ப்புக் கேட்க வேண்டும்.

முதலில் தேட வேண்டியவை

1. குறைந்த செலவுள்ள இடம். பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள தியாகராயா கல்லூரி போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில், உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து எழுதுங்கள். வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவும் மிச்சம்.

2. முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லையென்றால், கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு 2010-11 முதல் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தந்து வருகிறது. வருவாய்த் துறைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

3. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவை கடனல்ல.

ஜகாத் கொடுக்கலாமா?

ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களை எட்டு வகையாகத் திருக்குர்ஆன் கூறுகிறது (9:60). ஏழை, மிஸ்கீன், கடனாளி ஆகியோர் அதில் அடங்குவர். ஆகவே வசதியற்ற மாணவருக்கு அவருடைய ஏழ்மையின் காரணமாக ஜகாத் கொடுக்கலாம். தம் சொந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க முடியாது. அவர்களைப் பராமரிப்பது தகப்பனாரின் கடமை. ஆனால் தம் பொறுப்பில் இல்லாத ஏழையான அண்ணன் பிள்ளைக்கும் அக்கா பிள்ளைக்கும் கொடுக்கலாம். அதில் தருமத்தின் நன்மையும் உறவைப் பேணிய நன்மையும் சேர்கின்றன. ரமலானில் பத்தும் இருபதுமாகச் சிதறும் ஜகாத்தைத் திரட்டினால் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம் தேறும்.

ஒன்றைக் கவனிக்கவும்: ஜகாத் ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுக்கப்பட வேண்டியது. அதைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வசூலிப்பது முறையல்ல. கடன் நிதி வேண்டுமானால் சதகா, நன்கொடைப் பணத்தில் தனிக்கணக்காக வைக்க வேண்டும்.

கர்ழன் ஹஸனா

அழகிய கடன் கொடுப்பதை அல்லாஹ் தனக்கே கொடுப்பதாகச் சிறப்பித்துச் சொல்கிறான் (57:11). ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக 1983-ல் ஒரு திட்டம் தொடங்கியது. சமுதாயத்துக்கு அது நன்கொடை. மாணவருக்கோ வட்டியில்லாக் கடன். படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டிய பணம், அடுத்த மாணவரைப் படிக்க வைக்க உள்ளூர் அறநிதிக்குப் போனது.

இதை ஒரு மஹல்லாவே சிறிய அளவில் செய்யலாம். 200 வீடுகள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60,000. முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் முன்வந்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

வாங்கியவரின் கடமை

கடனைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது (2:282). எனவே நெருங்கிய உறவினரானாலும் தாளில் எழுதிச் சாட்சி வையுங்கள். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது அதைவிட மேல் (2:280). ஆனால் வசதி வந்தபின் தாமதிப்பது அநியாயம். கடனை அடைக்க ஏதும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸாவைத் தொழவைக்காமல் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் கடனைப் பொறுப்பேற்ற பின்பே தொழவைத்ததும் நாம் அறிந்ததே. முதல் சம்பளம் வாங்கும் மகன் முதலில் நினைக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். அவன் திருப்பித் தந்தால்தான் பக்கத்துத் தெருப் பிள்ளை கல்லூரிக்குப் போக முடியும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு ஹலாலான வருவாயையும், கடனில்லாத முடிவையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.