பொட்டலத்து எண்களும் பொருள் உடையன

சொற்பொருள் ஆராயும் மாணவர்கள், திருவேங்கடம் கடைத்தெருவில் வாங்கும் உணவுப் பொட்டலத்தின் எண்களையும் ஆராய்தல் நன்று. 338 கோலா பானத்திற்குப் புளிப்பூட்டும் பாஸ்பாரிக் அமிலம். 450 கேக் மாவைப் பொங்கச் செய்வது. 451 உறையவைத்த இறாலில் நீர் வடியாமல் காப்பது. யாவும் பாஸ்பேட் இனத்தனவே.

உணவின்வழிச் சேரும் மொத்தப் பாஸ்பரஸ், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வரையறுத்தது. எனினும், சிறுநீரகம் நலிந்தோர்க்கு இவ்வரம்பு பொருந்தாது என்றும் அது தெளிவுபடுத்திற்று.

பருப்பிலுள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியே உடலிற் சேரும். சேர்பொருளாய் வருவதோ பெரும்பாலும் சேர்ந்துவிடும். நலிந்த சிறுநீரகம் அதனை வெளியேற்றாமையால் எலும்பு மெலியும், குருதிக்குழாய் இறுகும்.

ஆதலின், வீட்டில் சிறுநீரக நோயுற்ற பெரியவர் இருப்பின், அப்பொடி எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டுதல் கற்ற பிள்ளையின் கடன்.