வெள்ளைத் தூளுக்கு எரிக்க மட்டும்தான் தெரியுமா?

சுவர்ப் பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டைஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கும் இல்மனைட் அதற்கான தாதுக்களில் ஒன்று. ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் ஒளிவினையூக்கி என்ற வகையில் இந்தத் தூளைப் பற்றிச் சில எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றை நம்பி, நல்ல மாணவர்களும் இந்தத் துறைப் பக்கம் திரும்பாமல் போவது எனக்கு வருத்தம்.

நம்பிக்கை: வெளிச்சம் பட்டால் இந்தத் தூள் எந்தக் கரிமப் பொருளையும் விட்டுவைக்காது. கார்பன் டைஆக்சைடாகச் சிதைத்துவிடும். இதை வைத்து ஒன்றை உருவாக்க முடியாது.

உண்மை: கழிவுநீர் ஆய்வுகள் வாங்கித் தந்த பெயர் இது. ஒளி பட்டதும் தூளில் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது. அது விட்ட இடம் மின்துளை. சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்தத் துளையிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். கையில் அகப்பட்டதையெல்லாம் தாக்கும் முரடன் அது. தண்ணீரை எடுத்துவிட்டு அசிட்டோநைட்ரைலைக் கரைப்பானாக வைத்தால் கதை மாறுகிறது. ஜப்பானில் ஹிகாஷிமோட்டோ குழு 2009இல் பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனோடு சேர்த்து இப்படிச் செய்தது. 99 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் மாறியது. மாறியதில் 99 சதவீதத்துக்கும் மேல் வாதுமை மணம் வீசும் பென்சால்டிஹைடு. பென்சாயிக் அமிலம் வரை போகாமல் வினை நின்றுவிட்டது. ஆல்கஹால் தூளின் மேற்பரப்பை இறுகப் பற்றுகிறது. ஆல்டிஹைடு ஆனதும் பிடி தளர்ந்து விலகிவிடுகிறது. அடுத்த அடி விழுவதற்குள் தப்பிவிடுகிறது என்று சொல்லலாம்.

தண்ணீரில் முடியவே முடியாது என்றும் எண்ண வேண்டாம். இத்தாலியின் பலெர்மோ ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த, ரூடைல் என்ற படிக வடிவத் தூளால், நறுமண ஆல்கஹால்களைத் தண்ணீரிலேயே ஆல்டிஹைடாக்கி 2008இல் வெளியிட்டார்கள். இன்னொரு படிக வடிவமான அனடேஸ்தான் எப்போதும் உயர்ந்தது என்ற எண்ணமும் அதோடு ஆட்டம் கண்டது.

நம்பிக்கை: புற ஊதா ஒளி இல்லாமல் எதுவும் நடக்காது.

உண்மை: தனித் தூளுக்கு இது சரி. அனடேஸுக்கு சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். ஆனால் ஹிகாஷிமோட்டோ குழுவின் சோதனை கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நடந்தது. தூள் வெள்ளை, ஆல்கஹால் நிறமற்றது. இரண்டும் மேற்பரப்பில் பிணைந்தால் அந்தப் பிணைப்பு அவ்வொளியை உறிஞ்சுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

நம்பிக்கை: ஆக்சிஜனேற்றம் மட்டுமே முடியும்.

உண்மை: தாவிய எலக்ட்ரானை மறந்துவிடுகிறோம். காற்றை வெளியேற்றிவிட்டு 2-புரோப்பனாலில் வைத்தால் அந்த எலக்ட்ரானால் நைட்ரோபென்சீன் அனிலீனாக ஒடுங்கும்.

நம்பிக்கை: வெயில் இலவசம், ஆகவே தொழிற்சாலைக்கு உடனே கொண்டுபோகலாம்.

உண்மை: இங்கே மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். தூள் கலந்த திரவம் பால்போல் இருக்கும். ஒளி ஆழமாக இறங்காது. குடுவையில் நடப்பது பெரிய கலனில் அப்படியே நடக்காது. வினை முடிந்தபின் நானோ துகள்களை வடித்தெடுப்பதும் எளிதல்ல. அந்த 99 சதவீதமும் எல்லா ஆல்கஹாலுக்கும் பொருந்தாது. மூலக்கூறில் ஃபீனால் தொகுதி இருந்தால் அதுவும் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். வினையின் ஒழுங்கு குலைந்துவிடும்.