நம்ம ஊர் கண்மாயை நாமே வரைவோம்!
(கட்டற்ற வரைபட மென்பொருள் – ஓர் அறிமுகம்)



சர்வே பிராக்டிகலில் செயின் பிடிக்கிறோம், டோட்டல் ஸ்டேஷன் வைக்கிறோம், ஷீட்டில் வரைந்து மார்க் வாங்குகிறோம். அதோடு சரி. அந்த ஷீட் பீரோவுக்குள் போய்விடும். படித்த இந்த அளவைக் கலையால் நம்ம ஊருக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? அதற்கு ஒரு பதில்தான் இக்கட்டுரை.

வரைபடம் யார் கையில்?

1802-ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து, மாபெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அன்று முதல் நெடுங்காலம் வரைபடம் என்பது அரசாங்க அலுவலகத்துச் சமாச்சாரமாகவே இருந்தது. எங்கள் வீட்டில் பட்டாவும் புலப்படமும் தகரப் பெட்டியில் பத்திரமாக உண்டு. ஆனால் படித்துச் சொல்ல வேறு ஆளைத் தேட வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். படம் படிக்கத் தெரிந்தவர் சொல்வதே எல்லை என்றாகிவிடுகிறது.

கண்மாய் விஷயமும் அப்படியே. நமது புதுக்கோட்டை மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம்பி வாழும் மாவட்டம். மழைத்தண்ணீர் வரத்து வாரி வழியே ஒரு கண்மாயில் நிரம்பி, கலிங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் ஒரு வாரி மூடிப்போனால் கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் கிடையாது. "இந்த இடத்துல வாரி ஓடுச்சுப்பா" என்று தாத்தா வாயால் சொன்னால் எடுபடுவதில்லை. அதையே அளவோடு, படமாகக் காட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

இடத்தையும் அந்த இடத்தைப் பற்றிய விவரத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பதே ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் முறை. இதற்கான பல மென்பொருள்களுக்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு. அது நம் சக்திக்கு மீறியது. அதனால் 'கிராக்' காப்பி தேடுகிறோம். கூடவே வைரஸும் வருகிறது.

அந்த வழியே வேண்டாம். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இருக்கிறது. அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் 2002-ல் தொடங்கியது. இன்று பல நாட்டினர் சேர்ந்து வளர்க்கிறார்கள். இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. நண்பனுக்குக் காப்பி கொடுத்தாலும் குற்றமில்லை. மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். 'கட்டற்ற' என்பதன் பொருள் இந்த உரிமைதான். வெறும் 'இனாம்' அல்ல.

கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-ல் தொடங்கியது. பிறகு அங்குள்ள பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உயர்நிலை வகுப்புக் கணினிப் பாடத்தில் கியூ.ஜி.ஐ.எஸ். இடம்பெற்றது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தை வைத்துத் தன்னார்வலர்கள் ஓர் இணையப் படம் தயாரித்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே அதில் குறித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் முடிந்தது, டிப்ளமோ படிக்கும் நமக்கு முடியாதா?

செய்முறை

1. கிராம வரைபடத்தைச் சுருக்கம் விழாமல் ஸ்கேன் செய்யவும்.

2. மென்பொருளில் 32644 என்ற எண்ணுள்ள ஆயமுறையைத் தேர்வு செய்யவும். இது 78 முதல் 84 டிகிரி தீர்க்கரேகை வரையிலான 44-வது வட மண்டலம்; நம் மாவட்டம் இதற்குள் அடங்கும். டிகிரியில் வரைந்தால் நீளம், பரப்பு புரியாது. இதில் எல்லாம் மீட்டரில் வரும். பழைய படத்தில் சங்கிலிக் கணக்கு இருந்தால், 1 சங்கிலி = 66 அடி = சுமார் 20.12 மீட்டர்.

3. கோயில், கரை முனை, ரோடு சந்திப்பு என்று இன்றும் இடம் மாறாத புள்ளிகளைப் பழைய படத்திலும் தரையிலும் பொருத்தவும். மூன்று புள்ளி இருந்தாலே கணக்கு ஓடும். ஆனால் பிழை எவ்வளவு என்று தெரிய ஆறு, ஏழு புள்ளியாவது வேண்டும். எல்லாம் ஒரே மூலையில் இருக்கக் கூடாது. படம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும்.

4. மடை, கலிங்கு – புள்ளி. வரத்து வாரி – கோடு. நீர்ப்பரப்பு – பரப்புருவம். மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக வரையவும்.

5. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் பெயர், நிலை, பார்த்த தேதி எழுதவும். யூனிகோடு தமிழிலேயே எழுதலாம்.

6. கடைசியாக நடந்து போய்ப் பார்க்கவும். இதைத் தவிர்த்தால் மேலே செய்த ஐந்தும் வீண். செயற்கைக்கோள் படத்தில் கருவேல மரம்தான் தெரியும்; அதன் கீழே வாரி இருப்பது ஊர்ப் பெரியவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

திறந்த வெளியிலேயே செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் சில மீட்டர் பிழை வரும். வாரியின் போக்கைக் காட்ட அது போதும். வயல் வரப்புத் தகராறைத் தீர்க்க அது உதவாது. அதற்கு நில அளவைத் துறையின் அளவுதான் செல்லும். நம் படம் கேள்வி கேட்பதற்கான ஆதாரம், தீர்ப்பு அல்ல. மேலும் மென்பொருள் கட்டற்றது என்பதால் தகவலும் கட்டற்றது ஆகிவிடாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தகவலை எடுத்தால் அதன் பெயரைப் படத்தில் குறிப்பிட வேண்டும்.

முடிவாக...

1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் துணையும் இல்லாமல் போனார்கள். எழுத்தறிவு போலத்தான் பட அறிவும். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் படிப்பு முடியும்போது, வீட்டுப் புலப்படத்தை அப்பாவுக்கு அப்பாவே படித்துக்கொள்ளச் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

எனவே நண்பர்களே, ஒரு யோசனை. பைனல் இயர் புராஜெக்டுக்குக் கடையில் ரிப்போர்ட் வாங்குவதை விடுவோம். ஒரு குழுவுக்கு ஒரு கண்மாய் என எடுத்துக்கொள்வோம். படத்தை முடித்து ஊராட்சிக்கு ஒரு பிரதி, ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரு பிரதி கொடுப்போம். கல்லூரிக்கு வரும் ஜூனியர் அதே படத்தைத் திறந்து, இந்த வருஷம் எந்த வாரி அடைந்தது என்று சேர்க்கட்டும். பத்து வருஷத்தில் நம்ம ஊர்த் தண்ணீரின் கணக்கு நம்ம கையிலேயே இருக்கும்!

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்