போர்டு வாங்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

கையகல ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை வாங்கி, அதில் டெபியனோ ஆர்ம்பியனோ நெட்பிஎஸ்டியோ ஏற்றிப் பார்க்கத் துடிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். இந்த இயங்குதளங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். அது தெரிந்தால் பாதிக் கோபம் வராது.

1. விலையைப் பார்ப்பதற்கு முன், அந்தப் போர்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்ம்பியனில் ஒரு போர்டு முறையான ஆதரவில் நிற்க வேண்டுமென்றால், அதைக் கையில் வைத்துச் சோதிக்கிற பராமரிப்பாளர் ஒருவர் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அது ‘சமூகப் பராமரிப்பு’ வரிசைக்கு இறங்கிவிடும். அங்கேயும் தரவிறக்க இமேஜ் இருக்கும், ஆனால் அதைப் பெரும்பாலும் இயந்திரம் தானாகக் கட்டி வைத்திருக்கும். யாராவது பூட் செய்து பார்த்தார்களா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

2. சந்தைக்கு வந்த மாதமே வாங்காதீர்கள். இரண்டு, மூன்று வருடம் பழையது நல்லது. சில்லு செய்பவர்கள் தங்கள் சொந்தத் திருத்தங்களோடு ஒரு லினக்ஸ் கர்னலைத் தருவார்கள், பிறகு அதை மறந்துவிடுவார்கள். ஆல்வின்னர் சில்லுகள் அப்படித்தான் கர்னல் 3.4இல் வெகுகாலம் நின்றன. அவற்றை மூலக் கர்னலுக்குள் கொண்டுவந்ததில் லினக்ஸ்-சன்க்ஸி என்ற தன்னார்வலர் கூட்டத்தின் உழைப்பு பெரியது. 2012 வாக்கில் விற்ற போர்டுகளில் இருந்த மாலி-400 வரைகலைப் பகுதிக்கு, 2019இல் வந்த கர்னல் 5.2இல்தான் கட்டற்ற டிரைவர் சேர்ந்தது. தயாரிப்பாளர் கொடுத்து வந்ததல்ல அது. ஆவணம் இல்லாமல், சில்லின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து எழுதியது.

3. குற்றம் சொல்வதற்கு முன் சார்ஜரை மாற்றுங்கள். மெல்லிய கேபிளில் 5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ராஸ்பெர்ரி பையில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும். பல போர்டுகள் அந்த மரியாதையைக்கூடச் செய்யாமல் தொங்கிவிடும். எஸ்டி கார்டும் அப்படியே. 64 ஜிபி என்று அச்சடித்த போலி கார்டுக்குள் 8 ஜிபி இருக்கலாம். எஃப்3 என்ற சின்ன நிரலை ஓட்டினால் குட்டு வெளிப்படும்.

4. சீரியல் கேபிள் வாங்குங்கள். இந்த ஒரு அறிவுரைக்காகவே மற்றதெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் வேண்டும். 5 வோல்ட் சிக்னல் பின்னைப் பொசுக்கும். மூன்று கம்பி போதும்: தரை, அனுப்புவது, வாங்குவது. அதன் அனுப்பு முனை இதன் வாங்கு முனைக்குப் போக வேண்டும். சிவப்புக் கம்பியைத் தொடாதீர்கள். வேகம் பெரும்பாலும் 115200. ராக்சிப் சில்லு உள்ள போர்டுகள் பலவற்றில் 15,00,000. எல்லா அடாப்டரும் அதைத் தாங்காது. திரையில் குப்பை எழுத்து வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எதற்காக இவ்வளவு பாடு? எச்டிஎம்ஐ திரை கறுப்பாக இருந்தால் ஒன்றும் தெரியாது, சீரியலில் எந்த இடத்தில் நின்றது என்று தெரியும். ஒரு எழுத்துகூட வரவில்லையா? பூட் லோடரே கிடைக்கவில்லை. ஆல்வின்னர் சில்லு அதைக் கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளித் தேடும், ராக்சிப் 32 கிலோபைட் தள்ளித் தேடும். இமேஜை ஒரு சாதாரணக் கோப்பாகக் கார்டில் நகலெடுத்து வைத்தால் அந்த இடத்தில் எதுவும் இருக்காது. யூ-பூட் என்ற பூட் லோடரின் வரிகள் வந்து, கர்னல் தொடங்காமல் நிற்கிறதா? அது வேறு நோய். கர்னல் ஓடி, ரூட் பகுதி கிடைக்காமல் அலறுகிறதா? அது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்ப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள். யூ-பூட் தனித் திட்டம், கர்னல் தனி, டெபியன் தனி. கதவு தெரியாமல் தட்டினால் பதில் வராது.

5. ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டுவது மாதிரி அது. போர்டில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண், இமேஜின் முழுப் பெயர், எந்தப் பதிப்பு வரை ஓடியது, முழு லாக்: இவை வேண்டும். செல்போனில் எடுத்த திரையின் படம் வேண்டாம், எழுத்தாகக் கொடுங்கள். நன்றாக ஓடினாலும் எழுதுங்கள். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

6. முதல் பேட்சுக்கு டிவைஸ் ட்ரீயைப் படியுங்கள். முன்பெல்லாம் ஆர்ம் போர்டு ஒவ்வொன்றுக்கும் கர்னலுக்குள் தனி சி நிரல் இருந்தது. 2011இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைக் கண்டு கொதித்த பிறகுதான், போர்டின் விவரத்தைத் தனி உரைக்கோப்பாக எழுதும் டிவைஸ் ட்ரீ முறைக்கு ஆர்ம் வேகமாக மாறியது. எந்தப் பின்னில் எல்இடி, எந்த ரெகுலேட்டர் வைஃபைக்கு மின்சாரம் தருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். சர்க்யூட் வரைபடம் படிக்கத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவருக்கு அது புரியும். திருத்தினால் மூலக் கர்னலுக்கே அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் கர்னலோடு வருகிறது. வாரக்கணக்கில் பதில் வராமல் போகலாம். பணிவாக மறுபடி அனுப்புங்கள்.

7. ‘எப்போது வரும்?’ என்று கேட்காதீர்கள்.

8. இடைவெளியைக் கண்டால் அது உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2012 பிப்ரவரியில் ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தபோது அதன் சில்லு ஆர்ம்வி6. டெபியனின் வேகமான ஆர்ம் வடிவம் ஆர்ம்வி7ஐ எதிர்பார்த்தது. மெதுவான வடிவம் ஓடும், ஆனால் சில்லில் இருந்த தசமக் கணக்குப் பகுதியை அது பயன்படுத்தாது. இரண்டு தன்னார்வலர்கள் டெபியனின் ஆயிரக்கணக்கான பொதிகளை ஆர்ம்வி6க்கு ஏற்ப மறுபடி தொகுத்தார்கள். ராஸ்பியன் அப்படிப் பிறந்தது. அதைச் செய்யும்படி அவர்களுக்கு யாரும் ஆணையிடவில்லை.

9. பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுக் கர்னலில் ஏதாவது உடைந்தால், எந்த மாற்றம் உடைத்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேட அந்தப் போர்டும் பொறுமையும் உள்ள ஒருவர் வேண்டும். பதினாறாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு முறை பூட் செய்தால் கண்டுபிடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு நேரமில்லையா, ஓப்பன்பிஎஸ்டி போன்ற திட்டங்களுக்குக் கொடுங்கள். அவர்கள் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அந்தந்த வன்பொருளிலேயே தொகுப்பவர்கள்.

10. ஒரு போர்டின் பொறுப்பை ஏற்றபின் விலக நேர்ந்தால் சொல்லிவிட்டு விலகுங்கள். கல்யாணம், வேலை மாற்றம், சலிப்பு, எந்தக் காரணமும் நியாயமானதுதான். பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத போர்டு, கைவிடப்பட்டதாக அறிவித்த போர்டைவிட மோசமானது. புதிதாக வருபவர் அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுத்திருப்பார்.

கர்னலின் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் ஏழெட்டு வாரம், பெரும்பாலும் ஞாயிறுதோறும், சோதனைப் பதிப்பு வெளிவரும். அடுத்தது வரும்போது உங்கள் போர்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று பராமரிப்பாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.